கட்டியில் ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54. இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, வலி இல்லை. மேமோகிராம் பார்த்த டாக்டர் பயாப்சி (ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொல்கிறார். "ஊசி பட்டால் உடம்பெல்லாம் பரவிடும், சும்மா இருப்பதைக் கிளறாதே" என்று பெரியம்மா தடுக்கிறார். இரண்டு மாதமாக மூலிகைப் பற்றுதான் போடுகிறோம். என்ன செய்வது?
- வாசகி, தருமபுரி

பதில்: பயாப்சி செய்துவிடுங்கள். முடிந்தால் இந்த வாரமே.

பெரியம்மா பயப்படுவது ஏன் என்று எனக்குப் புரிகிறது. முன்பெல்லாம் கட்டி முற்றி, புண்ணான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். கத்தி வைத்த சில மாதங்களில் ஆள் போய்விட்டால், பழி கத்தியின் மேல் விழும். ஆனால் நோய் அதற்கு முன்பே பரவியிருக்கும். ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, சுமார் 30 முறை இரட்டித்தால்தான் 1 செ.மீ. கட்டி ஆகும். அதற்குள் செல்கள் கிட்டத்தட்ட 100 கோடி. மார்பகப் புற்றில் இதற்குப் பெரும்பாலும் வருடக்கணக்கில் ஆகும். ரத்தக் குழாய்க்குள்ளும் நிணநீர்க் குழாய்க்குள்ளும் நுழைய அந்தச் செல்களுக்கு நம் ஊசியின் தயவு தேவையில்லை.

இந்தப் பேச்சில் துளி உண்மை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதைப்பை, சினைப்பைக் கட்டிகளில் சந்தேகம் வந்தால் நாங்களே பொதுவாக ஊசி குத்தமாட்டோம். மார்பகம் அப்படியல்ல.

வலி இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். மார்பகப் புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதற்காக எல்லாக் கட்டியும் புற்று என்றும் இல்லை. எது என்று தெரியத்தான் இந்தப் பரிசோதனை. மரத்துப்போக ஊசி போட்டு, நூல் போல நாலைந்து துணுக்குச் சதை எடுப்பார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஒருவேளை புற்று என்று வந்தால், அதே சதையில் ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள்), ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்) மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஹார்மோனைத் தின்று வளரும் வகையென்றால் தினமும் ஒரு மாத்திரை, ஐந்து வருடமோ அதற்கு மேலோ. ஹெர்2 கூடுதலாக இருந்தால் அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து ஊசி. முதலில் அறுவையா, கீமோவா என்பதை இதையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பல பேருக்கு மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்கி, கதிர்வீச்சு கொடுத்தாலே போதும்.

சரி, அந்தப் பற்றை இன்றே நிறுத்துங்கள். தோல் வெந்து புண்ணானால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டிவரும். செலவு யோசனை என்றால் உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். பெரியம்மாவையும் கூட்டிப்போனால் நல்லது. அவருடைய சந்தேகத்தை அங்கேயே கேட்கட்டும்.