ரோஷம் யாருக்கு இல்லை?

கேள்வி: ஜெர்மன் டி.வி.யில் ‘டல்லி டல்லி’ என்ற போட்டி நிகழ்ச்சி நடத்திய ஹான்ஸ் ரோசன்தால் ஒரு யூதராமே! சொந்தத் தம்பியைக் கொன்ற நாட்டிலேயே இருந்துகொண்டு, அதே ஜனங்களைச் சிரிக்க வைக்க மேடையில் குதித்துக் காட்டியிருக்கிறார். கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நீங்களும் நானும் ரோஷத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அவர் எதையெல்லாம் தாண்டி வந்து குதித்தார் என்று பார்த்துவிட்டுப் பேசுவோமே.

1925-ல் பெர்லினில் பிறந்தவர். 12 வயதில் அப்பா போனார், 16 வயதில் அம்மா. மிச்சம் இருந்தது ஏழு வயது இளையவனான தம்பி கெர்ட். 1942 அக்டோபரில் அந்தப் பத்து வயதுப் பையனை நாஜிகள் ரயிலேற்றினார்கள். கிளம்பும் முன் 50 தபால் கார்டு வாங்கி வந்து, ரெண்டு நாளைக்கு ஒன்று எழுதிப் போடுகிறேன் என்று அண்ணனிடம் காட்டியிருக்கிறான். ஒரு கார்டுகூட வரவில்லை. லாத்வியா நாட்டின் ரீகா நகரில் கொன்றுவிட்டார்கள்.

அண்ணனுக்குக் கட்டாய வேலை, கல்லறைக் குழி வெட்டுவது உட்பட. 1943 மார்ச்சில் தப்பி, பெர்லினின் லிஷ்டன்பெர்க் பகுதியில் சின்னச் சின்னத் தோட்ட வீடுகள் இருந்த ஒரு காலனிக்குப் போனார். இடா யாவ்ஹ் என்ற பெண்மணி தன் குடிசையை ஒட்டிய சிறு அறையில் ஒளித்துவைத்தார். மாட்டினால் அவர் கதியும் அதோகதிதான். அவர் 1944-ல் இறந்துபோக, எம்மா ஹார்ன்ட், மரியா ஷோனபெக் என்று இன்னும் இரண்டு பெண்கள் பொறுப்பேற்றார்கள். (காலனியின் பெயருக்கு ‘திரித்துவம்’ என்று அர்த்தம். மூன்று பேர், பொருத்தம்தான்.) இவர்களால்தான் பின்னாளில் ஜெர்மனியில் மனத்தடை இல்லாமல் வாழ முடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். உங்கள் ‘அதே ஜனங்கள்’ கணக்கில் இந்த மூவரும் வருகிறார்களா, இல்லையா?

1945 ஏப்ரலில் சோவியத் படை வந்ததும், யூதர்கள் அணிய வேண்டுமென்று நாஜிகள் கட்டாயப்படுத்திய மஞ்சள் நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு சந்தோஷமாக வெளியே ஓடினார். சுடப்போய்விட்டார்கள்! வதைமுகாம் காவலர்கள் அதே நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு தப்பப் பார்த்த கதை அவர்களுக்குத் தெரியும். நல்லவேளை, அங்கே வந்த யூத அதிகாரி ஒருவர் யூதர்களின் பிரார்த்தனையைச் சொல்லச் சொல்லி, அவர் சொன்னதும் விட்டார்.

அந்த வருஷமே பெர்லின் வானொலியில் பயிற்சியாளர். அது சோவியத் பிடியில் இருந்தது, ஒத்துப்போகவில்லை; 1948-ல் அமெரிக்கர்கள் நடத்திய ரியாஸ் வானொலிக்குத் தாவினார். அங்கேதான் வினாடி வினா மனிதர் ஆனார். 1965-ல் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைப் புதிருக்குக் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனி நேயர்களும் விடை அனுப்பினார்கள்; அவர்கள் வம்பில் மாட்டாமல் இருக்க மறைமுக முகவரிகள் தரப்பட்டன. ஒளிந்திருந்தவனுக்குத்தானே அந்தப் பயம் புரியும்.

அப்புறம் 1971 முதல் 1986 வரை ‘டல்லி டல்லி’, அதாவது சீக்கிரம் சீக்கிரம். போட்டியாளர்கள் அசத்தினால் பார்வையாளர்கள் பட்டனை அமுக்குவார்கள், சைரன் அலறும், “நீங்கள் நினைப்பது, இது...” என்று இவர் இழுக்க, “ஷ்பிட்ஸ!” (பிரமாதம்) என்று அரங்கமே கத்தும். அவர் துள்ளிக் குதிக்க, படம் அந்தரத்தில் அப்படியே உறையும். அந்தக் குதியைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

1978 நவம்பர் 9-ஐயும் பாருங்கள். ஜெர்மனி முழுக்க நாஜிகள் யூதக் கோயில்களைக் கொளுத்திய இரவுக்கு அன்று 40 வருஷம். அன்றைக்கென்று அவருடைய 75-வது நிகழ்ச்சி! தேதியை மாற்றுங்கள் என்று கேட்டார், சேனல்காரர்கள் மாற்றவில்லை. கறுப்பு சூட்டில் வந்து நடத்திக் கொடுத்தார். உங்கள் கேள்வியை, தேதியை மாற்ற மாட்டோம் என்று சொன்ன அந்த மேஜைக்கு அனுப்பியிருக்கலாம்.