முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய்

கேள்வி: நான் மதுரைக்காரி. பத்து வருடமாக லண்டன் குரோய்டனில் இருக்கிறேன். கணவர் கானா நாட்டவர், சொந்த ஊர் குமாசி. ஆறு வயது மகளுக்கு அப்பாவைப் போலவே இறுக்கமான சுருள் முடி. தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் வாருகிறேன். ஆனாலும் முடி காய்ந்து, சீப்பில் கொத்துக்கொத்தாக வருகிறது. முழங்கை, முழங்காலெல்லாம் சாம்பல் பூத்தது போல வெளுத்துக் கிடக்கிறது. மாமியார் ஊரிலிருந்து ஷியா வெண்ணெய் (அங்கத்து ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது) அனுப்புகிறார். இங்கே கடையில் ‘நேச்சுரல்’ என்று போட்ட டப்பாக்கள் யானை விலை. நாத்தனார், ‘இந்தியன் ஹேர்’ வைத்துப் பின்னிவிடலாம் என்கிறாள். என் அக்கா, ‘பேசாம ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிவிடு’ என்கிறாள். போன மாதம் வீடியோ காலில் என் அம்மா, ‘ஏண்டி, புள்ள தல இப்படிப் பரட்டையா கெடக்கு?’ என்று கேட்டதை மகள் கேட்டுவிட்டாள். எதை வாங்குவது, யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகி, குரோய்டன்

பதில்: அன்புச் சகோதரி,

அந்தப் ‘பரட்டை’யிலிருந்தே தொடங்குகிறேன். கவனிக்காமல் விட்ட தலையைத்தான் நாம் பரட்டை என்போம். உங்கள் மகளின் முடி வளர்வதே அப்படித்தான். வேர்க்காலே வளைந்திருப்பதால் முடி சுருண்டு சுருண்டு மேலே வருகிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் உங்கள் முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கிவிடும். அவள் முடியில் ஒவ்வொரு வளைவாக ஏறி இறங்கிப் போக வேண்டும், பாதியிலேயே நின்றுவிடும். நுனி காய்கிறது. ஒவ்வொரு வளைவும் ஒடியக்கூடிய இடம். நீங்கள் எதிலும் குறை வைக்கவில்லை. நம் வீட்டு முறையை வேறு வகை முடிக்குச் செய்துகொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு மாடியில், படிக்க வந்த ஒரு நைஜீரியப் பெண் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடி நிழலில் தலையை விரித்துக்கொண்டு உட்காருவாள். முழுசாக மூன்று மணி நேரம். தலையை நான்காக வகுந்து மூன்றை கிளிப் போட்டு ஒதுக்கிவிடுவாள். மீதி ஒரு பாகத்தில் தண்ணீர் தெளித்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, முதலில் விரலால் சிக்கெடுப்பாள். பிறகுதான் அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல வேர் நோக்கி. நான் ஒருநாள் பாசத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினேன். “முதல்ல தண்ணி, ஆன்ட்டி. அப்புறம்தான் எண்ணெய்” என்றாள்.

உங்கள் கேள்வியில் பாதிக்கு அதுவே பதில். எண்ணெய் ஈரத்தைத் தராது. இருக்கிற ஈரத்தைப் போகாமல் பிடித்துவைக்கும். காய்ந்த முடியில் தேய்த்தால் காய்ந்த முடி காய்ந்தபடியே மினுங்கும். தேங்காய் எண்ணெயைக் கைவிடவும் வேண்டாம். தலை குளிக்கப் போகுமுன் தடவுங்கள். முடிக்குள் ஊறி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். குளித்த பின், தலை ஈரமாக இருக்கும்போதே உங்கள் மாமியாரின் ஷியா. சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடும். அதைத் தடவி, இரண்டு இரண்டு புரியாக முறுக்கிவிட்டால் நாலைந்து நாளைக்குச் சீப்பே வேண்டாம். பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சும், முடியை உரசும். பழைய பட்டுப் புடவை இருந்தால் ஜரிகை இல்லாத பக்கமாக வெட்டி ஓர் உறை தைத்துவிடுங்கள்.

தோலுக்கும் இதே கணக்குதான். குளித்துத் துவட்டிய கையோடு, ஈரம் முழுதும் போகுமுன் ஷியாவைப் பூசுங்கள். வறட்சி எல்லாத் தோலிலும் உண்டு, கருத்த தோலில் வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. மாமியார் கறுப்பு சோப்பும் அனுப்பினால் குழந்தைக்குத் தினமும் போடாதீர்கள். வாழை இனத் தோல், கோகோ ஓடு இவற்றின் சாம்பலில் செய்வது, காரம் அதிகம். நிறத்தை மாற்றுவதாகச் சொல்லும் எந்தக் கிரீமையும் வீட்டுக்குள் விடாதீர்கள். ஹைட்ரோகுவினோனும் பாதரசமும் பிரிட்டனில் இத்தகைய கிரீம்களில் தடை செய்யப்பட்டவை. ஆனாலும் கடை மேசைக்கு அடியிலிருந்து வருகின்றன.

இனி, ‘நேச்சுரல்’. அழகுசாதனப் பொருட்களில் இந்தச் சொல்லுக்கு பிரிட்டனிலும் சரி, அமெரிக்காவிலும் சரி, சட்ட வரையறையே கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் இருக்கும். ஷியாவின் பெயர் அங்கே ‘Butyrospermum Parkii’ என்று இருக்கும். முன்பக்கத்தில் ஷியா கொட்டை படம் போட்டிருந்து, பட்டியலில் அது வாசனைத் திரவியத்துக்குப் பக்கத்தில் பதுங்கியிருந்தால், நீங்கள் காசு கொடுப்பது படத்துக்கு.

மாமியார் ‘ங்குத்தோ’ என்று சொல்வாரே, அந்த வெண்ணெய் எப்படி வருகிறது என்று அவரிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். குமாசிக்கு வடக்கே, தமாலே சுற்றுவட்டாரத்துப் புல்வெளிக் காடுகளில் தானாக வளரும் மரம். காய்க்கவே 15, 20 வருடம் ஆகும். மழைக்காலத் தொடக்கத்தில் விழும் பழங்களை விடிகாலையில் பெண்கள் பொறுக்குகிறார்கள். கொட்டையை வேகவைத்து, காயவைத்து, உடைத்து, பருப்பை வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கையாலேயே அடித்து அடித்துப் பிசைகிறார்கள். நாம் மோர் கடைவது போல, வெள்ளையாகத் திரண்டு மேலே வரும். அதைக் காய்ச்சி வடித்தால்தான் வெண்ணெய். அதனால்தான் நல்ல ஷியாவில் லேசான புகை வாசமும் தந்தநிறமும் இருக்கும். பளீர் வெள்ளையாக, வாசமே இல்லாமல் இருந்தால் ஆலையில் சுத்திகரித்தது. கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் ‘கைவேலை’ என்று அதிக விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

நியாயமாக வாங்க நினைத்தால் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: வெண்ணெயாக அங்கேயே எடுத்ததா, கொட்டையாக வாங்கி ஐரோப்பாவில் பிழிந்ததா? கொட்டையாக விற்றால் அந்தப் பெண்களுக்குப் பொறுக்கின கூலிதான் மிஞ்சும். வெண்ணெயாக்கி விற்றால் வேலையின் மதிப்பும் அவர்கள் கைக்கு வரும். எந்த ஊர், எந்தப் பெண்கள் கூட்டுறவு என்று சொல்லத் தெரிந்த விற்பனையாளரிடம் வாங்குங்கள். உரிமையாளர் கறுப்பினத்தவர் என்ற எண்ணத்தில் வாங்குகிறவர்கள் அதையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். லைபீரியாவில் பிறந்தவர் தொடங்கிய ‘ஷியா மாய்ஸ்ச்சர்’ என்ற பிராண்டு 2017இல் யூனிலீவர் என்ற பெரிய பன்னாட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டுக்கு மாமியார் அனுப்புவதைவிட நம்பகமான சரக்கு எந்தக் கடையிலும் இல்லை. அவருக்குச் சேர வேண்டிய பணத்தை மட்டும் மறக்காமல் அனுப்பிவிடுங்கள்.

நாத்தனாரின் ‘இந்தியன் ஹேர்’ விஷயத்தில் என் மனம் கொஞ்சம் கனக்கிறது. அந்தப் பாக்கெட்டில் இருப்பது திருப்பதியிலோ பழனியிலோ யாரோ ஒருத்தி நேர்ந்துகொண்டு இறக்கிய முடியாக இருக்கலாம். கோயில் ஏலத்தில் எடுத்து ஏற்றுமதியாகிறது. அல்லது நம் தெருவில் சிக்குமுடி வாங்க வருபவரிடம் ஒரு பாட்டி எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றியதாகவும் இருக்கலாம். லண்டனில் அதற்கு என்ன விலை என்பது இருவருக்கும் தெரியாது. பெரியவர்கள் வைத்துப் பின்னுவது அவர்கள் விருப்பம். ஆறு வயதுத் தலைக்கு அந்தப் பாரம் வேண்டாம். இறுக்கிப் பின்னினால் நெற்றியோர முடி விழத் தொடங்கும். வருடக்கணக்கில் இழுத்தால் திரும்ப முளைக்காமலே போகும். நாத்தனாரைச் சொந்த முடியிலேயே, தளர்வாகப் பின்னச் சொல்லுங்கள். பின்னி முடித்ததும் குழந்தை புருவத்தை உயர்த்தும்போது வலித்தால், உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

அக்காவுக்குச் சொல்லுங்கள்: கூடாது. சுருள் முடியை நேராக்கக் கடைகளில் விற்கும் ரிலாக்ஸர்களில் பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா. தலைத்தோலைச் சுட்டுவிடும். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. முடி நேராக்கும் ரசாயனங்களை வருடத்துக்கு நாலு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. 70 வயதுக்குள் இந்த நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். ரசாயனம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்காமலிருக்க எனக்கு இந்த அளவே போதும்.

அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த விடுமுறைக்கு மதுரை போகும்போது ஒரு டப்பா ஷியாவும் அகலப் பல் சீப்பும் எடுத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அவர் மடியில் உட்காரவைத்து, நான்காக வகுந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். சிக்கெடுக்கிற பொறுமையில் அந்தத் தலைமுறையை அடித்துக்கொள்ள ஆளில்லை. எப்படி முறுக்குவது என்று பாட்டிக்குப் பேத்தியே சொல்லிக்கொடுக்கட்டும்.