உறைமோரும் ஜிம் பீமும்

கேள்வி: ஜிம் பீம் விஸ்கியை ஏழு தலைமுறையாக ஒரே குடும்பம்தான் காய்ச்சுகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கம்பெனியே ஜப்பான்காரர் கையில் இருக்கிறது என்கிறான் நண்பன். எது சரி?
– வாசகர், தேனி

பதில்: இரண்டும் சரி. அடுப்படி பீம் குடும்பத்தினுடையது, கல்லாப்பெட்டி வேறு ஆளுடையது.

ஜெர்மானிய வம்சாவளிக்காரரான ஜேக்கப் பீம், அமெரிக்காவின் கென்டக்கியில் முதல் பீப்பாயை விற்றது 1795இல். மகன், பேரன் என்று தொழில் கைமாறி, கொள்ளுப்பேரன் ஜிம் காலத்தில் பேரிடி விழுந்தது. 1920 முதல் நாடு முழுக்க மதுவிலக்கு. ஜிம் சும்மா இருக்கவில்லை, நிலக்கரிச் சுரங்கம், கல் குவாரி, ஃப்ளோரிடாவில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டம் என்று என்னென்னவோ செய்து பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. 1933 டிசம்பரில் விலக்கு நீங்கியபோது மனிதருக்கு வயது 70ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில், கிளெர்மான்ட் என்ற ஊரில் 120 நாளில் புது ஆலையை எழுப்பினார் என்பதுதான் குடும்பத்தார் இன்றும் சொல்லி மகிழும் கதை. ஆனால் பணம் போட்டது சிகாகோ முதலாளிகள். கல்லாப்பெட்டி அப்போதே கைமாறத் தொடங்கிவிட்டது. 1967இல் அமெரிக்கன் டொபாக்கோ என்ற சிகரெட் கம்பெனி (பின்னாளில் அமெரிக்கன் பிராண்ட்ஸ்), 2014இல் சுமார் 1,600 கோடி டாலருக்கு ஜப்பானின் சன்டோரி.

அப்படியானால் குடும்பத்திடம் மிச்சம் என்ன? ஈஸ்ட்! ஊறலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர். மதுவிலக்கு முடிந்ததும் ஜிம் தன் வீட்டிலேயே வளர்த்தெடுத்தது. நாம் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் உறைமோர் கொடுத்து வைப்போமே, அவருக்கு அந்த நம்பிக்கைகூட யார்மீதும் கிடையாது. ஆலையில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று, வாரக் கடைசியில் ஒரு ஜாடி ஈஸ்ட்டைத் தன் காடிலாக் காரின் முன்சீட்டில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோய்விடுவாராம். அந்த ஈஸ்ட்டின் வழிவந்ததுதான் இன்றைக்கும் ஊறலில் விழுகிறது.

கேள்வி: சரி, இப்போது காய்ச்சுபவரின் பெயர் ஃப்ரெட் நோ. பீம் எங்கே போனது?
– அதே வாசகர்

பதில்: விடமாட்டீர்கள் போல! ஜிம்முடைய மகள் வயிற்றுப் பேரன் புக்கர் நோ. அவர் மகன்தான் ஃப்ரெட், ஏழாம் தலைமுறை. அவருடைய மகனும் ஆலைக்கு வந்துவிட்டார். அப்புறம், உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லிவையுங்கள்: அந்த ஜப்பான் கம்பெனியும் ஷின்ஜிரோ டோரி என்பவர் 1899இல் ஒசாகாவில் ஒயின் கடையாக ஆரம்பித்த குடும்பச் சொத்துதான். பீம் ஆலையை வாங்கியபோது தலைவராக இருந்தவர் அவருடைய பேரன் நொபுதாடா சாஜி. பாருங்கள், அங்கேயும் குடும்பப் பெயர் மாறிவிட்டது.