பழைய டென்ட்டில் பை தைக்கலாமா? வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், என் பழைய டென்ட்டை வெட்டி மூன்று பைகள் தைத்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு டென்ட், பாராகிளைடர் (ஆள் தொங்கிக்கொண்டு பறக்கும் துணி இறக்கை), படகின் பாய், ஜெர்சி என்று விதவிதமான துணிகளை வைத்துக்கொண்டு பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் டென்ட்டுக்கு 12 வயது ஆகிறது. கம்பி ஒடிந்துவிட்டது, மேல்துணியிலும் கிழிசல். உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த வாடை வேறு. இதில் பை தைக்க முடியுமா, தூக்கி எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். ஒட்டுவது துணி இல்லை, அதன்மேல் இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க அதைப் பூசுகிறார்கள். டென்ட்டை ஈரத்தோடு மடித்து வைத்தால் அந்த ஈரமே கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சைச் சிதைத்துவிடும். வாடையும் அதிலிருந்துதான் வருகிறது. பூச்சு போனாலும் அடியில் இருக்கும் பாலியஸ்டரோ நைலானோ பெரும்பாலும் திடமாகவே இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, உரிகிற வரை உரித்துவிட்டு நிழலில் காயப்போடுங்கள். இனி அது தண்ணீர் தாங்காது, ஆனால் புத்தகமோ துணிமணியோ கொண்டுபோகத் தாராளமாக ஆகும். எவ்வளவு தேய்த்தும் ஒட்டுகிற பகுதியை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். மெஷின் பாதம் அதில் ஒட்டிக்கொண்டு நகரவே நகராது.

பூச்சைவிட எனக்குப் பெரிய கவலை வெயில்தான். என் முதல் பைக்குக் கைப்பிடித் துணியை டென்ட்டின் உச்சியிலிருந்து வெட்டினேன். அங்கே நிறம் வெளிறி, பார்க்க மென்மையாக அழகாக இருந்தது. புத்தகங்களை வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். நான்காம் நாள் கைப்பிடி காகிதம் மாதிரி கிழிந்து கையோடு வந்துவிட்டது. தையலில் ஒரு நூல்கூட விடவில்லை, துணிதான் செத்துப்போயிருந்தது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு நைலான் இழையும் பாலியஸ்டர் இழையும் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். வெளியே தெரிவது லேசான வெளிறல் மட்டும்தான்.

அன்றிலிருந்து, பை தைப்பதில் பாதி வேலை துணியைப் படிப்பதுதான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். முழுத் துணியையும் தரையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அப்புறம் ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பேன். நல்ல துணி கையோடு மல்லுக்கட்டும். கெட்ட துணி சர்ரென்று போய்விடும். போகிற இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிடுவேன். உங்கள் டென்ட்டில் வெயில் படாத உள்துணியும் தரைத்துணியும் பையின் அடிப்பக்கத்துக்கும் கைப்பிடிக்கும் போகட்டும். சுமாரான துணி பக்கவாட்டுப் பாக்கெட்டுக்குப் போதும். கொசுவலைப் பகுதி காய்கறிப் பைக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஜிப், பக்கிள், நாடா எதையும் விடாதீர்கள், பிரித்து எடுத்து வையுங்கள். நல்ல ஜிப்பை வீணாக்க எனக்கு மனசே வராது.

நண்பர் ஒருவர் தன் பழைய பாராகிளைடரைத் தந்தார். பரிசோதனையில் இனிமேல் பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பறக்க உதவாத துணி பைக்கு மட்டும் உதவுமா? தைத்துப் பார்த்தேன், மெஷினில் வழுக்கிக்கொண்டே போகிறது.

நன்றாக உதவும். துணி எவ்வளவு காற்றை உள்ளே விடுகிறது என்பதுதான் அந்தப் பரிசோதனையில் முக்கியமான ஒன்று. பூச்சு தேய்ந்து காற்று கசிய ஆரம்பித்தால் அதை நம்பி வானத்தில் போகக் கூடாது. பைக்குள் காற்று கசிந்தால் நமக்கு என்ன? ஆனால் கிழிசல் சோதனை இதற்கும் உண்டு. மேல்பரப்பு வெயிலிலேயே கிடந்தது, அதனால் கீழ்ப்பரப்பையும் உள்ளே இருக்கும் தடுப்புத் துணிகளையும் முதலில் எடுங்கள்.

துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் தடித்த இழை ஓடும், துணி முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். இதுதான் ரிப்ஸ்டாப். ஒரு கட்டத்தில் தொடங்கும் கிழிசலை அந்தத் தடித்த இழை தடுத்து நிறுத்தும். ஒரு சதுர மீட்டர் துணி சுமார் 40 கிராம்தான் இருக்கும். ஒரு ஆள் பறக்கும் பாராகிளைடர் பெரும்பாலும் 20 சதுர மீட்டருக்கு மேல் வரும், மேலும் கீழுமாக இரண்டு பரப்பு. அதனால் துணிக்குப் பஞ்சமே இல்லை, பொறுமையாகத் தைத்துப் பழகுங்கள்.

வழுக்கலுக்கு வருவோம். குண்டூசி குத்தாதீர்கள். இந்தத் துணியில் விழுந்த ஓட்டை மூடாது. துணி கிளிப்போ, துணி உலர்த்தும் கிளிப்போ போட்டுப் பிடியுங்கள். துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, கடைசியில் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். ஊசி 70ஆம் எண், கூர்மையானது, புதியது. நூல் பாலியஸ்டர். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கீழே குறைக்காதீர்கள். நெருக்கித் தைத்தால் உறுதி என்று தோன்றும், ஆனால் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாக ஓட்டை விழுந்து அந்தக் கோட்டிலேயே கிழியும். ஓரங்களை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டால் பிசிறு வராது. அயர்ன் செய்வதானால் மிகக் குறைந்த சூடு, நடுவில் ஒரு பருத்தித் துணி.

இன்னொன்று, தயவுசெய்து மறக்காதீர்கள். முழு பாராகிளைடரை மூலையில் போட்டு வைக்க வேண்டாம். வந்த அன்றே குறுக்கே வெட்டிவிடுங்கள். விவரம் தெரியாத யாராவது எடுத்துக்கொண்டு பறக்கப் போய்விடக் கூடாது.

படகின் பாய்த்துணி கிடைத்திருக்கிறது. அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. சாதாரண மெஷின் தாங்குமா?

ஒன்றிரண்டு மடிப்பு என்றால் தாங்கும். பாய்களுக்கு நெருக்கமாக நெய்த பாலியஸ்டரில் பிசின் ஏற்றி விறைப்பாக்குவார்கள், டேக்ரான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலில் நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்குங்கள். ஊசி 90 அல்லது 100. தடித்த இடத்தில் பெடலை அழுத்தாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மூலைகளில் பல அடுக்கு வைத்துத் தைத்திருப்பார்கள், வீட்டு மெஷினை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். அந்த மூலையிலேயே உலோக வளையம் இருந்தால் அப்படியே வெட்டி, பையின் வாயில் வரும்படி வைத்து, அதற்குள் கயிறு கோத்துக்கொள்ளுங்கள்.

மலையேற்றக் கயிறு, இடுப்பு வார் இதையெல்லாம் கைப்பிடியாக்கலாமா?

பைக்கு மட்டும் ஆக்கலாம். ஆள் தொங்கும் எதற்கும் கூடாது. வாரைப் பையோடு சேர்க்கும் இடத்தில் சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறி போல இரண்டு கோடு ஓட்டுங்கள்.

பழைய ஜெர்சிகள்?

பின்னல் துணி என்பதால் இழுபடும், கனம் தாங்காது. கையையும் கழுத்தையும் வெட்டிவிட்டு, அடிப்பக்கத்தை மட்டும் ஜிக்ஜாக்கில் தையுங்கள். ஊசி முனை மழுங்கியதாக இருக்கட்டும்.

இதெல்லாம் பிளாஸ்டிக் துணிதானே அக்கா? துவைத்தால் நுண்துகள் போகாதா? அதற்குப் பருத்திப் பையே வாங்கிவிடலாமே?

நியாயமான கேள்வி. நைலானும் பாலியஸ்டரும் பிளாஸ்டிக்தான், துவைக்கும்போது துகள் உதிரத்தான் செய்யும். அதனால் நான் இந்தப் பைகளை மெஷினில் போடுவதில்லை, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. அழுக்கு அதிகமானால் பச்சைத்தண்ணீரில் கையால் அலசுவேன். பழைய டென்ட் துணிகளில் தண்ணீர் ஒட்டாமல் இருக்க என்னென்னவோ பூசியிருப்பார்கள், ஆகவே சமைத்த உணவை நேரே அதில் வைக்காதீர்கள்.

புதுப் பருத்திப் பையும் சும்மா வந்துவிடுவதில்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதல் கணக்கில் கீழே வர ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே பருத்திப் பை இருந்தால் அதையே கிழியும் வரை பயன்படுத்துங்கள். டென்ட் துணி கிடைத்துவிட்டதே என்று 20 பைகள் தைத்து அலமாரியில் அடுக்குவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு தையுங்கள். மீதித் துணியைச் சுருட்டி வையுங்கள், அந்தப் பை கிழியும்போது ஒட்டுப்போட அதே துணிதான் வேண்டியிருக்கும்.