ஒரே பகலில் யார்க்: மூட்டுவலி உள்ள அம்மாவோடு போகலாமா?

கேள்வி: ஆகஸ்டில் அம்மாவை லண்டனுக்கு அழைத்துப் போகிறேன். அங்கிருந்து ஒருநாள் மட்டும் யார்க் நகருக்குப் போய்வர ஆசை. அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி, படியேற முடியாது. முட்டைகூடத் தொடாத சைவம். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து வேக ரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம். டிக்கெட்டைச் சில வாரங்கள் முன்பே எடுத்துவிடுங்கள். அன்றைக்கே வாங்கினால் விலை கையைக் கடிக்கும். ஞாயிறு வேண்டாம். அன்று காலையில் பேராலயத்தில் வழிபாடு நடக்கும், சுற்றிப் பார்க்க மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள்.

அந்தப் பேராலயம், யார்க் மின்ஸ்டர், உங்கள் பயணத்தின் பாதி நேரத்துக்குத் தகுதியானது. நிலையத்திலிருந்து டாக்சி பிடித்து முதலில் அங்கே போய்விடுங்கள். 1220 வாக்கில் தொடங்கி 1472 வரை கட்டியது. நடுக் கோபுரத்துக்கு 275 படிகள். அந்தப் பேச்சே வேண்டாம். கீழ்த்தளத்திலேயே பார்க்க நிறைய இருக்கிறது. கிழக்குக் கோடியில் இருக்கும் பெரிய கண்ணாடி ஜன்னல் ஏறக்குறைய ஒரு டென்னிஸ் மைதான அளவு. ஜான் தார்ன்டன் என்ற கலைஞர் 1405 முதல் 1408 வரை செய்தது. உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி அது முடியும் நாள் வரை பைபிள் காட்சிகள் அதில் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். சின்ன பைனாகுலர் ஒன்றைக் கொண்டுபோய், அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். 1644-இல், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில், நாடாளுமன்றப் படை இந்நகரைப் பிடித்தது. தேவாலயக் கண்ணாடிகளை உடைத்து நொறுக்கிய காலம் அது. படைத்தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் இந்த வட்டாரமான யார்க்ஷயரைச் சேர்ந்தவர் என்பதால் இங்கே யாரையும் கைவைக்க விடவில்லை.

வெளியே வந்ததும் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் வெண்கலச் சிலையைப் பாருங்கள். அவருடைய தந்தை இந்த ஊரில் இறந்ததும், கி.பி. 306-இல் படைவீரர்கள் கான்ஸ்டன்டைனைப் பேரரசராக அறிவித்தது இங்கேதான். ரோமானியர்கள் கி.பி. 71-இல் அமைத்த கோட்டைக்கு மேல்தான் பேராலயமே நிற்கிறது.

நகர மதில் ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. ஆனால் ஏற இறங்கப் படிகள், சில இடங்களில் கைப்பிடிச் சுவரும் கிடையாது. அம்மா ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கட்டும்; நீங்கள் மட்டும் பூத்தம் பார் வாயிலில் ஏறி மங்க் பார் வாயிலில் இறங்கிவிடுங்கள். பேராலயம் மிக அழகாகத் தெரியும் துண்டு இதுதான், 20 நிமிடம் போதும்.

ஷாம்பிள்ஸ் தெரு பழைய கசாப்புக்கடைத் தெரு. இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் சில கடை வாசல்களில் இருக்கின்றன. கல் பாவிய தரை, ஆகஸ்டில் தள்ளுமுள்ளு வேறு. முனையில் நின்று ஒரு படம் எடுத்தால் போதும்.

அம்மாவுக்கு நான் சிபாரிசு செய்வது ஜோர்விக் வைக்கிங் மையம். வைக்கிங்குகள் என்பவர்கள் வட ஐரோப்பாவிலிருந்து கடல் வழியே வந்து குடியேறியவர்கள். 1976 முதல் 1981 வரை தோண்டியெடுத்த அவர்களுடைய குடியிருப்பை, தோண்டிய இடத்திலேயே மீண்டும் அமைத்திருக்கிறார்கள். சிறு வண்டியில் உட்கார்ந்தபடியே சுற்றிவரலாம். அந்தக் கால நாற்றத்தையும் சேர்த்தே அமைத்திருக்கிறார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்! நேரம் குறித்து முன்பதிவு செய்யாவிட்டால் வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டிவரும்.

பக்கத்தில் மேட்டின் மேல் தெரிவது கிளிஃபர்ட் கோபுரம். செங்குத்தான படிகள், கீழே நின்றே பாருங்கள். 1190-இல் கும்பலுக்கு அஞ்சி இங்கிருந்த மரக் கோபுரத்துக்குள் ஒளிந்த சுமார் 150 யூதர்கள் மாண்டுபோனார்கள். பலர் தங்கள் கையாலேயே. இப்போதிருக்கும் கல் கோபுரம் பின்னால் வந்தது.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. யார்க்ஷயர் புட்டிங் என்ற பெயரைப் பார்த்து இனிப்பு என்று வாங்கிவிடாதீர்கள். மாவு, பால், முட்டை கலந்து சுடுவது. மாட்டுக் கொழுப்பில் சுடுவதும் வழக்கம்.

திரும்பும் வழியில் நேரம் மிஞ்சினால் நிலையத்தை ஒட்டியே தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. சமதரை, அனுமதி இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி இன்ஜின்களில் உலகச் சாதனை படைத்த மல்லார்ட் அங்கேதான் நிற்கிறது. மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள் என்பதால் நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.