எதீரியமா, சொலானாவா?

கேள்வி: வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் வாங்கி, போடிநாயக்கனூர் வழியாக வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். எந்த லாட் எந்தத் தோட்டத்துக் காய் என்பதைப் பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுப் பதிவேட்டில், பதிந்துவைத்தால் வெளிநாட்டில் வாங்குபவர்களுக்கு நம்பிக்கை வரும் என்கிறான் என் மகன். சொலானா என்ற பிளாக்செயின் நொடிக்கு 65,000 பரிவர்த்தனைகளைச் செய்யும், எதீரியம் என்ற இன்னொன்று அதன் அருகில்கூட வராது என்பது அவன் கட்சி. சரிதானா?
— வாசகர், குமுளி

பதில்: பாதி சரி. 65,000 என்பது ஏட்டுக் கணக்கு. சொலானாவில் பதிவுகளைச் சரிபார்க்கும் கணினிகள் ஒப்புதலாக இடும் வாக்குகளும் பரிவர்த்தனைகளாகவே பதிவாகிவந்திருப்பதால், வெளியில் காட்டப்படும் எண்ணிக்கையில் அவற்றைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் எதீரியத்தின் முதன்மை வலையமைப்பைவிட அது பல மடங்கு வேகமானதே. பரிவர்த்தனைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பதியும் ஒரு தொகுதிக்குச் சொலானாவில் சுமார் 0.4 நொடி, எதீரியத்தில் 12 நொடி.

அந்த வேகத்துக்குக் காரணம் வடிவமைப்பு. சொலானாவில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் தான் எந்தெந்தக் கணக்குகளை (தரவு வைக்கும் இடங்களை) படிக்கும், எவற்றில் எழுதும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். ஆகவே உங்கள் லாட்டின் பதிவும் சாந்தம்பாறை வியாபாரி ஒருவருடைய லாட்டின் பதிவும் ஒரே கணக்கில் எழுத வராதவரை, இரண்டையும் கணினி ஒரே நேரத்தில் இணையாகச் செய்துமுடிக்கிறது. எதீரியமோ ஒரு தொகுதியில் உள்ளவற்றை வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகவே இயக்கும் முறையில் உருவானது. மெதுவான ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் இருக்கும் ஓரளவு நல்ல கணினியிலேயே எவரும் பதிவுகளைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதில் அதை உருவாக்கியவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். சொலானாவில் அந்த வேலைக்கு நூற்றுக்கணக்கான ஜிபி நினைவகமும் தரவு மையத்துத் தரத்தில் இணைய இணைப்பும் வேண்டும்.

நிலைத்தன்மையிலும் வேறுபாடு உண்டு. 2021 செப்டம்பரில் தானியங்கி நிரல்கள் கொட்டிய பரிவர்த்தனை வெள்ளத்தில் சொலானா சுமார் 17 மணி நேரம் முடங்கியது; 2024 பிப்ரவரி 6 அன்று மீண்டும் சுமார் 5 மணி நேரம். 2015இல் தொடங்கிய எதீரியம், 2022 செப்டம்பரில் கணினிகள் கணக்குப் புதிர்களைப் போட்டியிட்டுத் தீர்க்கும் சுரங்க முறையைக் கைவிட்டு, சரிபார்ப்பவர்கள் தங்கள் நாணயத்தைப் பிணையாக வைக்கும் பங்குப் பிணை முறைக்கு மாறியபோதுகூட அப்படி நின்றதில்லை. வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே எழுதிய மென்பொருள்கள் அதில் இயங்குவதால், ஒன்றில் பிழை வந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்கின்றன. சொலானா அந்த வழிக்கு இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது.

உங்கள் தொழிலுக்கு நொடிக்கு ஆயிரம் பதிவுகள் எதற்கு? புற்றடியில் ஏலக்காய் ஏலம் முடிந்ததும் அன்றைய லாட் பட்டியலின் ஹாஷை, அதாவது பட்டியலில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும் கைரேகை போன்ற குறியீட்டை மட்டும், ஒரே பதிவாக இட்டால் போதும். எதீரியத்தின் முதன்மை வலையமைப்பில் நெரிசலான நாளில் கட்டணம் கடிக்கும். பரிவர்த்தனைகளைத் தனியே திரட்டி, சுருக்கமாக எதீரியத்தில் பதியும் ஆர்பிட்ரம், பேஸ் போன்ற இரண்டாம் அடுக்கு வலையமைப்புகளிலோ, 2024 மார்ச் மேம்பாட்டுக்குப் பிறகு கட்டணம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நானாக இருந்தால் அந்த அடுக்குகளில் ஒன்றையே எடுப்பேன். சொலானாவை எடுத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சாக்குக் கட்டும்போது பழைய காயைக் கலந்தார்களா என்பதை இரண்டில் எதுவும் அறியாது. முதல் பதிவுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிடப்போவது தோட்டக்காரரா, நீங்களா என்பதை மகனுடன் பேசி முடிவு செய்துவிட்டு, வலையமைப்பைப் பிறகு தேர்ந்தெடுங்கள்.