சின்னப் படம், ஓடிடி, உரிமை: குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகள்

குளச்சல்: அண்ணாச்சி, தியேட்டரில் வெளியிடுவதாகச் சொன்னவருக்கு எங்கள் படத்தை எழுதிக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. டி.கே. ஏரியாவில் (திருநெல்வேலி, கன்னியாகுமரி விநியோகப் பகுதி) சில காட்சிகள் ஓட்டினார், அவ்வளவுதான். இப்போது ஓடிடியில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து வையுங்கள் தம்பி. என்னென்ன உரிமை, எந்தப் பகுதி, எத்தனை வருடம் என்று பாருங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உங்களுக்கு நல்ல துணை. காலம் எழுதாமல் விட்டிருந்தால் 5 ஆண்டுதான். பகுதி எழுதாவிட்டால் இந்தியா மட்டும். எழுதி வாங்கியவர் ஓர் உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை அவரிடமிருந்து போய்விடும்; இதைச் சொல்வது 19(4) உட்பிரிவு.

ஆனால் "ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர" என்றும் சட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் பல ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் "19(4) பொருந்தாது" என்று ஒரு வரியை நுழைத்துவிடுகிறார்கள். அது இருக்கிறதா என்று தேடுங்கள். தியேட்டர் உரிமை மட்டும் கொடுத்திருந்தால், அந்த வரி இருந்தாலும் ஓடிடி உங்கள் கையில்தான். "அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் வக்கீலைப் பார்க்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இனிமேலாவது தியேட்டர், சாட்டிலைட், ஓடிடி, யூடியூப், டப்பிங் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். அவசரத்தில் மொத்தமாகக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் பிள்ளைகளைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அகஸ்தீஸ்வரம்: கோயில் கொடை விழாவில் நடந்த வில்லுப்பாட்டைப் படம் பிடித்தோம். பழைய கதைதானே, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

வாய்வழியாக வந்த பழைய கதைக்கு உரிமையாளர் கிடையாது. ஆனால் அன்றைக்குப் பாடிய புலவருக்கு உண்டு. குடம் அடித்தவருக்கும் உடுக்கு வாசித்தவருக்கும் உண்டு. நிகழ்த்துக் கலைஞர் உரிமை என்று 38-ஆம் பிரிவில் இருக்கிறது, 50 ஆண்டு வரை செல்லும். ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சம்மதித்த பிறகும், படத்தை வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் ராயல்டியில் அவர்களுக்குப் பங்கு உண்டு. 2012 திருத்தம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொடைக்குக் கொடை போய்ப் பாடிப் பிழைக்கிறவர்கள். காகிதத்தை நீட்டும்போதே பணத்தையும் கையில் கொடுங்கள், கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கன்னியாகுமரி: திருவள்ளுவர் சிலை ஃப்ரேமில் வருகிறது. பிரச்சினையா?

இல்லை. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தைப் படத்தில் சேர்க்கலாம், 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஷூட்டிங் அனுமதி, ட்ரோன் அனுமதி எல்லாம் வேறு விஷயம்.

தக்கலை: டீக்கடைக் காட்சியில் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. பத்து நொடிதான். விடலாமா?

இத்தனை நொடி வரை இலவசம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. யூடியூபின் தானியங்கிச் சோதனை அந்தப் பத்து நொடியையும் கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் விளம்பரப் பணம் பாட்டுக்கு உரிமையாளரிடம் போய்விடலாம். உங்கள் இசையமைப்பாளரையே ஒரு ரேடியோப் பாட்டு போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்: படத்தை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். பதிவு செய்யவில்லையே, புகார் கொடுக்க முடியுமா?

தாராளமாக. படம் எடுத்து முடித்ததுமே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயம் இல்லை. லிங்க், நீங்கள்தான் தயாரிப்பாளர் என்பதற்கான ஆவணம் இரண்டையும் வைத்துத் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2013 பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் தளம் அதை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் கோர்ட் உத்தரவு காட்டாவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். அதனால் புகார் அனுப்பிய அன்றே நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் பிடித்துவிடுங்கள்.